காகம் போதும், குரங்கு எதற்கு?

குற்றாலத்தில் சீசன் நேரம். தென்காசியில் நம் தோழர்களின் தெருமுனைக் கூட்டத்துக்கும் சாரலோடு சாரலாக ஆள் சேர்ந்தது. மேடையேறிய இளந்தோழர் ஒருவர் அறிஞர் அண்ணாவின் புகழ்பெற்ற வாதத்தைத் தம் ஊருக்கு ஏற்ப மாற்றினார். "எண்ணிக்கைதான் தகுதியென்றால், குற்றாலத்துக் குரங்குக்கல்லவா முடிசூட்ட வேண்டும்!" என்றார். கைதட்டல் அதிர்ந்தது. நாமும் சிரித்தோம். பின்வரிசையில் டீ கிளாசுடன் நின்ற லோடுமேன் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "இந்தி பேசுதவன குரங்குன்னா சொல்லுதாரு?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். அந்தக் கேள்வி நம்மை விடவில்லை.

அண்ணா சொன்னதென்ன? இந்தி பேசுவோர் தொகை மிகுதி, ஆகவே இந்தியே ஆட்சிமொழி என்றனர் எதிர்த்தரப்பார். தொகைதான் அளவுகோல் என்றால் தேசியப் பறவையாகக் காகத்தையன்றோ தேர்ந்திருக்க வேண்டும், மயிலை ஏன் தேர்ந்தீர்கள் என்று கேட்டார் அவர். 1963-இல் மயிலைத் தேர்ந்தது யார்? டில்லி ஆட்சியாளரே! அவர்களுடைய முடிவையே அவர்களுடைய வாதத்துக்கு எதிர்ச்சாட்சியாகக் கூண்டில் ஏற்றினார் அண்ணா.

கவனியுங்கள் தோழர்களே, அதில் ஏச்சு இல்லை. காகம் டில்லியிலும் கரையும், தென்காசிக் கூரையிலும் கரையும். நாம் சோறு வைத்து அழைக்கும் பறவை அது. (சோறு வைப்பது சரியா என்ற விவாதம் இன்று வேண்டாம்!) அடி விழுந்தது அளவுகோலின்மீது, மக்கள்மீதன்று. குரங்கென்பதோ வசைச்சொல். அது வந்ததும் வாதம் பறந்தது; வசை மட்டும் மேடையில் உட்கார்ந்துகொண்டது.

1962 மே 1 அன்று மாநிலங்களவையில் ஆற்றிய கன்னிப் பேச்சிலும் இதே நுட்பம்தான். திராவிட மரபினன் எனப் பெருமையோடு சொன்னவர், அடுத்த மூச்சிலேயே வங்காளிக்கோ மராட்டியருக்கோ குசராத்தியருக்கோ தாம் எதிரியல்ல என்றார். நாட்டுக்குத் தருவதற்குத் திராவிடரிடம் தனித்ததொன்று உண்டென்றார். கேட்க வந்ததோ திராவிட நாடு. முதலில் வைத்ததோ 'தருகிறோம்' என்ற சொல்! எதிரே இருந்தவர்கள் கழகத்தார் அல்லர், கைதட்டக் காத்திருந்தவர்களும் அல்லர். ஆகவே ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டே வைத்தார்.

நமக்கும் அந்த எடை இன்று வேண்டும். தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லையென்று 2024-25-ஆம் ஆண்டுக்கான 2,152 கோடி ரூபாய்ப் பள்ளிக்கல்வி நிதி நிறுத்தி வைக்கப்பட்டதை நாடறியும். மும்மொழி கற்றால் என்ன குறை என்று நம் தெருவிலேயே கேட்போர் உண்டு. அவர்களைக் குரங்கு காட்டியா திருப்புவது?

குற்றாலத்தில் பழக்கடை போட்டிருப்பவரைப் பாருங்கள். கேரளத்திலிருந்து வருவோரிடம் மலையாளத்திலேயே விலை பேசுகிறார். எந்தச் சட்டம் கற்பித்தது? எந்த நிதியை நிறுத்திக் கற்பித்தார்கள்? பிழைப்புக்குத் தேவை வந்தது, மொழி வந்தது! அண்ணாவின் வழியில் தென்காசிக்காரர் எடுத்து வைக்கக்கூடிய வாதம் இது.

கூட்டம் கலைந்தபின் இளந்தோழரிடம் இதைச் சொன்னோம். முகம் சற்றே வாடிற்று, பிறகு, "அந்த லோடுமேன் அண்ணன் எங்கே?" என்று தேடிப் போனார். அடுத்த கூட்டம் செங்கோட்டையில். பழக்கடைக்காரர் பேச்சில் இடம்பெறுவார் என்று கேள்வி.