ஊருக்குக் கொண்டுபோன லேப்டாப்பும் மருமகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும்

அமெரிக்காவில் பொட்டி தட்டும் நம்மாட்கள் ஊருக்குப் போகும்போது சூட்கேஸில் என்ன இருக்கோ இல்லையோ, ஒரு லேப்டாப் இருக்கும். நவம்பர் கடைசியில் தள்ளுபடியில் வாங்கி, பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே கொண்டுபோய் நீட்டுவோம். புது வாசம் போகக்கூடாதாம்! இந்தப் பழக்கத்தை விடுங்கள் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

எங்கள் ஊர் பெருமாட்டி. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுக்கா. பிளாச்சிமடை என்றால் உங்களுக்குச் சட்டென்று தெரியும், அது எங்கள் பஞ்சாயத்துதான். அக்கா மகள் பொள்ளாச்சிப் பக்கம் காலேஜில் படிக்கிறாள். அவளுக்காக ஒன்று கொண்டுபோனேன். திரும்பி வந்த மூன்றாம் வாரம் போன்.

"மாமா, ரெண்டு மணி நேரங்கூட நிக்க மாட்டேங்குது. கிளாஸ்ல ப்ளக் பாயிண்ட்டும் இல்ல."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ யூடியூப் பாத்துட்டே இருந்தா எப்படி நிக்கும்?" அவள் ஒன்றும் பேசவில்லை. அக்காவிடம் போனைக் கொடுத்துவிட்டாள்.

பெட்டியின் மேல் 10 மணி நேரம் என்றுதான் போட்டிருந்தது. அந்தக் கணக்கே ஒரு கூத்து. திரை வெளிச்சத்தைக் குறைத்து, சேமித்து வைத்த வீடியோவை ஓடவிட்டு எடுப்பது. அதில் இருந்தது 45 வாட்-அவர் பேட்டரி. 10 மணி நேரம் ஓட வேண்டுமென்றால் மொத்த மெஷினும் நாலரை வாட்டில் வேலை செய்ய வேண்டும். வெளிச்சத்தை ஏற்றி, பிரவுசரில் இருபது டேப் திறந்தால் 15 வாட்டைத் தாண்டிவிடும். அப்போது மூன்று மணி நேரம்தான். புது மெஷின் முதல் சில நாள் அப்டேட் இறக்கும், ஃபைல்களை வரிசைப்படுத்தும், அதிலும் கரையும். இதையெல்லாம் வைத்துத்தான் பெரிய மேதாவி மாதிரி அவளுக்கு வகுப்பெடுத்தேன்.

அவள்தான் அடுத்த நாள் ரிப்போர்ட் எடுத்தாள். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து பவர்சிஎஃப்ஜி, இடைவெளி விட்டு சாய்கோடு, ஒட்டி பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு ஃபைல் வரும். அதில் இரண்டு எண்தான் முக்கியம்: டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி. புதிதில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். அவளுடையதில் 45,000, 31,000! கணக்கு பிசகியிருக்கலாம் என்று இரண்டு தடவை முழுக்க இறக்கி ஏற்றியும் பார்த்தாள். அதே 31,000. மூன்றில் ஒரு பங்கு காணோம். பழைய சரக்கோ, குறையுள்ள செல்லோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

கடையில் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்திருந்தது. வாரண்டி வாங்கிய நாட்டுக்குள் மட்டும். (சில மாடலுக்கு எல்லா நாட்டிலும் செல்லும், வாங்கும் முன் பார்க்காதது என் தப்பு.) இன்னொன்று, லேப்டாப்புக்கு மூன்று வருஷம் என்று போட்டுவிட்டு பேட்டரிக்கு மட்டும் ஒரு வருஷம் என்று பொடி எழுத்தில் இருக்கும்.

முன்பெல்லாம் அடியில் ஒரு கொக்கியைத் தள்ளினால் பேட்டரி கையோடு வந்துவிடும். 2006-ல் சோனி செல் வைத்த சுமார் 41 லட்சம் பேட்டரிகளை டெல் திரும்பப் பெற்றபோது, ஜனங்கள் தாங்களே கழற்றி மாற்றிக்கொண்டார்கள். இப்போது உள்ளே ஸ்க்ரூ போட்டு முடுக்கி வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் போட்ட சட்டப்படி, 2027 பிப்ரவரியிலிருந்து அங்கே விற்கும் சாதனங்களில் பேட்டரியைப் பயனரே கழற்ற முடிய வேண்டும். நம் நாட்டுக்கும் அப்படி ஒன்று வந்தால் தேவலை.

அதனால், வாங்கினால் இங்கேயே பெட்டியைப் பிரியுங்கள். மூன்று நாள் ஓட்டி அந்த இரண்டு எண்ணையும் பாருங்கள். அதைவிட நல்லது, பணத்தை அனுப்பிவிடுங்கள். கோயம்புத்தூரிலோ பாலக்காட்டிலோ பிள்ளைகளே பார்த்து வாங்கட்டும், பில்லும் சர்வீஸும் அங்கேயே இருக்கும். "ஃபாரின்லருந்து மாமா கொண்டு வந்தது" என்ற பெருமை நமக்குத்தான், அலைச்சல் அவர்களுக்கு.

கோயம்புத்தூரில் வேறு பேட்டரி போட்டாச்சு. ஐந்து மணி நேரம் நிற்கிறதாம். பாலக்காட்டு வெயிலுக்கு 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறாமல் செட்டிங்கும் அவளே மாற்றிவிட்டாள். மன்னிப்பு கேட்டேன். "பரவால்ல மாமா, அடுத்த தடவ சாக்லேட் மட்டும் கொண்டு வாங்க" என்கிறாள் :-)