கண் இல்லாதவர்கள் பிள்ளை வளர்க்கக் கூடாதா?

"புருஷனுக்கும் கண் தெரியாது, பெண்சாதிக்கும் கண் தெரியாது, இவர்களுக்குப் பிள்ளை எதற்கு?" என்று கேட்கிறவர்கள் நம் தெருவிலும் உண்டு. பரிதாபப்பட்டுத்தான் கேட்கிறார்கள். ஆனால் கேள்வியே தவறு.

தோழர்களே! மில்லில் இழை அறுந்தால் முடிச்சுப் போடுவது கண்ணா, விரலா? விடியுமுன் மாட்டுக் கொட்டகையில் பால் கறக்கும் கை, வெளிச்சத்துக்கா காத்திருக்கிறது? பழகிய கைக்கு அறிவு உண்டு. அந்த அறிவைக் கொண்டுதான் அந்தத் தாயும் குடும்பம் நடத்துகிறாள். உலைத் தண்ணீரை விரற்கணுவால் அளக்கிறாள். பால் பொங்குவதைக் காதால் அறிகிறாள். தவழும் பிள்ளையின் காலில் கொலுசு. சத்தம் நின்றால் அடுத்த நிமிஷம் தேடிப் போகிறாள். இரண்டு மருந்துப் புட்டி இருந்தால் ஒன்றின் கழுத்தில் நூல் கட்டி வைக்கிறாள். காய்ச்சலைத் தொட்டுப் பார்க்க யாருக்குமே கண் வேண்டியதில்லை!

ஆனாலும் உலகம் அவளை நம்புவதில்லை. 2010-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், பெற்றோர் இருவருக்கும் கண் தெரியாது என்று சொல்லி, பிறந்து இரண்டே நாளான குழந்தையை அதிகாரிகள் கொண்டு போனார்கள். 57 நாள் கழித்தே திரும்பக் கொடுத்தார்கள். நம் அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்டதாகக் கதை. அங்கே சர்க்காரே முதலையாக வந்தது!

பெற்றோரின் உடற்குறையைக் காட்டிப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்கிறது ஐ.நா. உடன்படிக்கையின் 23-வது பிரிவு. 2007-ல் இந்தியாவும் அதை ஏற்றுக் கையெழுத்திட்டது.

அப்படியானால் அந்தத் தாயை உண்மையில் இடறுவது எது? சர்க்கார் அடிக்கும் நோட்டு! பழைய 100 ரூபாய்க்கும் 500 ரூபாய்க்கும் நீளத்தில் 10 மில்லிமீட்டர் வித்தியாசம். 2016 முதல் வந்த புதிய நோட்டுகளில் 200-க்கும் 500-க்கும் வித்தியாசம் 4 மில்லிமீட்டர்தான், அகலம் ஒன்றே. ஓரத்தில் மேடாக அச்சிட்ட கோடுகள் நாலு கை மாறினால் தேய்ந்து போகின்றன. நோட்டைச் சொல்லும் 'மணி' என்ற செயலியை 2020-ல் ரிசர்வ் வங்கி கொடுத்தது. அதற்கும் ஒரு செல்போன் வேண்டுமே! சந்தை நெரிசலில் அதை எடுத்து நீட்ட முடியுமா?

2016-ம் வருஷச் சட்டம் சர்க்கார் வேலையில் உடற்குறை உள்ளவர்களுக்கு 4 சதவீதம் ஒதுக்குகிறது. அதில் 1 சதவீதம் பார்வையற்றோருக்கும் குறைபார்வை உள்ளோருக்கும். அந்த இடங்கள் நிரம்பினவா என்று நம் சங்கங்கள் கேட்கட்டும். கூலி கொடுக்கும்போது ஒவ்வொரு நோட்டையும் வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்கச் செய்வோம். ரேஷன் கடையில் எடையைச் சொல்லிப் போடச் செய்வோம்.

அவர்கள் கேட்பது அனுதாபம் அல்ல. வேலை, சரியான கூலி, ஏமாற்ற முடியாத நோட்டு. மற்றதை அவர்களே பார்த்துக் கொள்வார்கள்.