நின்ற கடிகாரத்திற்குக் காவலா?

படக்காட்சி என்றாலே முகஞ்சுளிக்கும் மேதாவிகள் சிலர் இருக்கின்றனர். அதிலும், காலத்தைக் கடந்து ஓடும் மோட்டார் வண்டி, தலைவிரி கோலமான விஞ்ஞானி, அவருடன் துள்ளித் திரியும் பள்ளி மாணவன் என்று ஒரு கதையைச் சொல்லிவிட்டால் போதும், "இது சிறுபிள்ளைகளுக்குக் கிலுகிலுப்பை, இதைப்பற்றிப் பேச அறிவுடையோர்க்கு என்ன இருக்கின்றது?" என்று கையை உதறிவிடுவர். மற்றொரு சாராரோ அதே படத்தைக் கண் கலங்கப் பார்த்துவிட்டு, "ஆகா, அந்தக் காலமல்லவோ காலம்! அந்த ஒழுக்கம் என்ன, அந்த அமைதி என்ன! இனி அது வருமா?" என்று பெருமூச்செறிவர். முன்னவர் படத்தைப் பாராமலே பழிக்கின்றனர். பின்னவர் பார்த்தும் காணாமலே புகழ்கின்றனர். இவ்விரு சாராரும் தவறுகின்றனர் என்று எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் குறிப்பிடும் படம், 1985ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் அமெரிக்காவில் வெளிவந்த 'பேக் டு தி பியூச்சர்' என்பதாகும். எதிர்காலத்திற்குத் திரும்புதல் என்பது அதன் பொருள். ராபர்ட் ஸெமெக்கிஸ் அதன் டைரக்டர். அவரும் பாப் கேல் என்பவரும் சேர்ந்து கதை எழுதினர். மைக்கேல் ஜே. பாக்ஸ் மாணவனாகவும், கிறிஸ்டோபர் லாயிட் விஞ்ஞானியாகவும் நடித்தனர். அவ்வாண்டு அமெரிக்காவில் வெளிவந்த படங்களுள் மிகுந்த வசூல் பெற்றது இதுவே. 1989லும் 1990லும் இதன் தொடர்ச்சிப் படங்கள் வந்தன. 2007இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், அழியாது காக்க வேண்டிய படங்களின் பட்டியலில் இதனையும் சேர்த்தது. 2020இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் இசை நாடகமாகவும் மேடையேறியது. படம் வந்தபோது பிறவாதவர்கள்கூட இன்று அதனைத் தம் மக்களுக்குக் காட்டி மகிழ்கின்றனர். கிலுகிலுப்பைக்கு இத்துணை ஆயுள் உண்டா? மேதாவிகள் விடை கூறட்டும்!

கதையைச் சுருங்கச் சொல்லுவோம். கலிபோர்னியாவில் ஹில் வேலி என்றொரு கற்பனை ஊர். அங்கே மார்ட்டி என்னும் பதினேழு வயது மாணவன். அவன் தந்தை ஜார்ஜ், பள்ளி நாளில் தம்மை அடித்து மிரட்டிய பிப் என்னும் முரடனுக்கே முப்பது ஆண்டுகள் கழித்தும் அஞ்சி நடுங்குபவர். தாய் லொரேன், மதுக்கிண்ணமும் மனச்சோர்வுமாகக் காலந்தள்ளுபவள். மார்ட்டியின் நண்பரான டாக்டர் பிரௌன் என்னும் விஞ்ஞானி, டிலோரியன் என்னும் மோட்டார் வண்டியைக் காலயந்திரமாக மாற்றியிருக்கின்றார். மணிக்கு 88 மைல் வேகமும், 121 கோடி வாட் மின்சக்தியும் சேர்ந்தால் அது காலத்தைத் தாண்டும். எதிர்பாராத விதமாக மார்ட்டி 1955ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாளில் போய் விழுகின்றான். தன் பெற்றோர் முதன்முதற் சந்திக்கவேண்டிய தருணத்தில் குறுக்கிட்டு அதனைக் கெடுத்தும் விடுகின்றான். இளம் பெண்ணான அவன் தாய், இவன் யாரென்றறியாது இவன் மீதே மையல் கொள்ளுகின்றாள்! பெற்றோரைச் சேர்த்துவைக்காவிடில் இவன் பிறக்கவே போவதில்லை. இவன் கையிலுள்ள புகைப்படத்தில் உடன்பிறந்தாரின் உருவங்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. அவர்களைச் சேர்க்கவேண்டும், தானும் வந்தவழி திரும்பவேண்டும். இதுவே கதை.

இனி, "அந்தக் காலமல்லவோ காலம்" என்னும் அன்பர்களிடம் வருவோம். அவர்கள் கூற்றில் ஓர் உண்மை உண்டு. அதனை நாம் மறைக்கவில்லை. படத்தில் 1955ஆம் ஆண்டின் ஊர்ச்சதுக்கம் பளபளக்கின்றது. புல்வெளி பசேலென்றிருக்கின்றது. பெட்ரோல் நிலையத்தில் ஒரு வண்டி நின்றால் நான்கு பணியாளர் ஓடிவந்து துடைக்கின்றனர். 1985இல் அதே சதுக்கத்தின் புல்வெளி மோட்டார் நிறுத்துமிடமாகிவிட்டது. படக்கொட்டகை ஆபாசப் படம் காட்டும் இடமாகிவிட்டது. பார்ப்போர் நெஞ்சில் ஏக்கம் எழத்தான் செய்யும். ஆனால் நண்பர்களே! படம் அத்துடன் நின்றதா? பளபளக்கும் அந்தத் திரையைத் தன் கையாலேயே நீக்கி, உள்ளே இருப்பதையும் காட்டிற்றா இல்லையா?

தாயின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1985இல் உணவு மேசையில் அமர்ந்து அவள் மக்களுக்கு ஒழுக்கம் போதிக்கின்றாள்; தன் இளமையில் தான் எந்த வாலிபனையும் நாடிச் சென்றதில்லை, நிறுத்திய வண்டியில் எவனுடனும் உட்கார்ந்ததில்லை என்று சாதிக்கின்றாள். மகன் 1955க்குப் போய்ப் பார்த்தால் என்ன காண்கின்றான்? அதே லொரேன் புகைக்கின்றாள். ஒளித்து வைத்துக் குடிக்கின்றாள். வாலிபனைத் தானே தேடி வருகின்றாள். நிறுத்திய வண்டியில் அவனுடன் உட்காரவும் தயங்கினாளில்லை! கொட்டகை முழுதும் சிரிக்கின்றது. ஏன்? ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் இதே உபதேசத்தைக் கேட்டிருக்கின்றனர். "எங்கள் காலத்தில் இப்படியா?" என்று தொடங்கும் பிரசங்கங்களில் எத்துணை உண்மை, எத்துணை மறதி, எத்துணை புளுகு என்பதை ஒரு சிரிப்பில் உடைத்துக் காட்டிவிட்டது இப்படம். இது பழமைக்குச் செய்யும் வழிபாடா? அன்று, அன்று! பழமையின் பெயரால் இளைஞரை அடக்கும் பொய்க்கு வைத்த வேட்டு!

அடுத்து, கோல்டி வில்சனைப் பாருங்கள். 1955இல் அவன் காப்பிக் கடையில் தரை பெருக்கும் கறுப்பினத்து வாலிபன். இவன் பிற்காலத்தில் நகரத் தலைவனாவான் என்பதை அறிந்த மார்ட்டி, வாய் தவறிச் சொல்லிவிடுகின்றான். வாலிபனுடைய கண்களில் ஒளி பிறக்கின்றது. ஊரையே தூய்மை செய்வேன் என்கின்றான். கடை முதலாளியோ எள்ளி நகையாடித் துடைப்பத்தை நீட்டி, இத்தரையிலிருந்து தொடங்கு என்கின்றான். அந்த ஒரு காட்சி போதாதா, 'பொற்காலத்தின்' பொன் யாருக்கு, துடைப்பம் யாருக்கு என்று காட்டுவதற்கு?

அவ்வாண்டின் மெய்ச் சரித்திரத்தையும் நினைத்துப் பார்க்கவேண்டும். 1955 ஆகஸ்டில், மிசிசிப்பி மாகாணத்தில் எம்மெட் டில் என்னும் பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன் வெள்ளையரால் கொடூரமாகக் கொல்லப்பட்டான். அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள், மாண்ட்கோமரி நகரப் பஸ்ஸில் வெள்ளையருக்கு இடத்தைவிட்டு எழ மறுத்ததற்காக ரோசா பார்க்ஸ் அம்மையார் கைது செய்யப்பட்டார். மார்ட்டி 1955இல் கழித்த அந்த ஒரு வாரம் இவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையே அமைந்தது! பச்சைப் புல்வெளியைக் கண்டு உருகும் அன்பர்கள், அந்தப் பஸ்ஸின் பின்வரிசையில் உட்கார்ந்து அக்காலத்திற்குத் திரும்பச் சம்மதிப்பார்களா? கோல்டி வில்சன் திரும்பச் சம்மதிப்பானா? அவன் தலைமைப் பதவி வெறுங் கற்பனையுமன்று. 1967இல் கிளீவ்லாந்து நகரம் கார்ல் ஸ்டோக்ஸ் என்னும் கறுப்பினத்தவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. 1973இல் லாஸ் ஏஞ்சலீஸ் நகரம் டாம் பிராட்லியைத் தேர்ந்தெடுத்தது. படம் வெளிவந்தபோதும் அவரே அங்குத் தலைவர். புல்வெளி போயிற்று, தலைவர் வந்தார். எது பெரிது?

இப்பொழுது அந்தக் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். படத்தின் உயிர்நாடி அதில்தான் இருக்கின்றது. 1955 நவம்பர் 12ஆம் நாள் இரவு 10 மணி 4 நிமிடத்திற்கு ஹில் வேலியின் மணிக்கூண்டில் இடி விழுந்தது, கடிகாரம் நின்றது. முப்பது ஆண்டுகளாக ஓடவே இல்லை. நகரத் தலைவர் வில்சன் வேறு கடிகாரம் வைக்கவேண்டும் என்கின்றார். ஊரின் பழமை காக்கும் சங்கத்து அம்மையார் ஒருவரோ உண்டியலைக் குலுக்கிக்கொண்டு, "நமது சரித்திரச் சின்னம், நின்றது நின்றபடியே இருக்கவேண்டும்" என்று வேண்டித் துண்டுப் பிரசுரம் வழங்குகின்றார். யோசித்துப் பாருங்கள்! கடிகாரம் எதற்கு? காலத்தைக் காட்டுவதற்கு. நின்ற கடிகாரத்திற்குக் காவலிருப்போர், காலமே நின்றுவிடவேண்டும் என்று விரும்புவோரன்றோ? அதனை ஓடச்செய்ய விழைபவர் யார்? துடைப்பத்திலிருந்து தலைமைக்கு வந்த அதே வில்சன்! இதனைவிடத் தெளிவாக ஒரு படம் எப்படிப் பேசமுடியும்?

ஆயினும் நீதி தவறலாகாது. அத்துண்டுப் பிரசுரமே மார்ட்டியைக் காப்பாற்றுகின்றது. 1955இல் யந்திரத்தை ஓட்டப் புளுட்டோனியம் கிடைக்கவில்லை. அத்துணை மின்சக்தியும் ஒரு மின்னலிடமிருந்துதான் பெறமுடியும். மின்னல் எங்கே, எப்பொழுது விழும் என்று யாருக்குத் தெரியும்? மார்ட்டியின் சட்டைப் பையில் இருந்த அத்தாளுக்குத் தெரியும்! காதலி அதன் பின்புறத்தில் தொலைபேசி எண் எழுதித் தந்தாளென்பதற்காக அவன் அதனைக் காத்து வைத்திருந்தான். ஆகவே அந்த அம்மையாருக்கும் நமது வணக்கம் உரியதே. ஆனால் உதவியது எது என்று கவனியுங்கள். நின்றுபோன கடிகாரமா? அன்று. அது எந்த நாளில், எந்த நிமிடத்தில், எதனால் நின்றது என்னும் குறிப்பு! முன்னோர் செய்ததை எழுதி வையுங்கள், ஆராயுங்கள், மறவாதீர்கள். அது முன்னேறுவோர்க்கு வழிச்செலவு. ஆனால் நின்றதை நின்றபடியே வணங்காதீர்கள். சரித்திரம் வேறு; சரித்திரப் பித்து வேறு.

படத்தில் குறையே இல்லையா எனின், உண்டு. புகழ்வதற்காகக் கண்ணை மூடிக்கொள்வது நமது வழக்கமன்று. பள்ளி நடனத்தில் மார்ட்டி 'ஜானி பி. குட்' என்னும் பாட்டை வாசிக்க, அதனைத் தொலைபேசி வழியாகக் கேட்டே சக் பெரி என்னும் கறுப்பினக் கலைஞர் புது இசையைக் கண்டுபிடித்தார் என்பது போலக் கேலி செய்திருக்கின்றனர். சக் பெரியின் 'மேபலீன்' இசைத்தட்டோ 1955 ஜூலையிலேயே வெளிவந்துவிட்டது! ஒரு சமூகத்தாரின் உழைப்பை வேடிக்கைக்காகவேனும் வேறொருவன் கையில் கொடுப்பது முறையன்று. லிபியா நாட்டினரை முட்டாள் வன்முறையாளராகக் காட்டியதும் அக்காலத்துத் துவேஷத்தின் கறையே. முடிவில், ஜார்ஜ் தைரியம் பெற்றதற்கு அடையாளம் செல்வமும் புது வண்டியும், பழைய முரடன் அவ்வண்டிக்கு மெருகிடுவதும் என்றாக்கிவிட்டனர். ஜார்ஜாக நடித்த கிறிஸ்பின் குளோவரே பணம்தான் பரிசு என்னும் அம்முடிவைக் குறைகூறியிருக்கின்றார். அவர் கூறியது நியாயமே. 1955ஐத் துணிந்து ஆராய்ந்த படம், தன் சொந்தக் காலமான 1985ஐ ஆராயத் தவறிவிட்டது. இனி வருவோர் இப்படத்தையும் அவ்வாறே ஆராயட்டும். அதுவே படம் கற்பித்த பாடம்.

இக்குறைகளையும் மீறி அதனை மக்கள் நெஞ்சில் நிறுத்தியது எது? வண்டியின் வேகமன்று, மின்னலுமன்று. தந்தையும் மகனும் ஒத்த வயதினராய் எதிரெதிரே நிற்கும் நிலையே. பாப் கேல் ஒருநாள் தம் பெற்றோர் வீட்டில் தந்தையின் பள்ளி ஆண்டு மலரைப் புரட்டினார். தந்தையின் இளமைப் படத்தைக் கண்டார். "இவருடன் நான் படித்திருந்தால் நாங்கள் நண்பர்களாய் இருந்திருப்போமா?" என்னும் கேள்வி பிறந்தது, அக்கேள்வியிலிருந்து இக்கதை பிறந்தது. படத்தில் ஜார்ஜ், விஞ்ஞானக் கதைகளை எழுதி எழுதி ஒளித்து வைக்கின்றான். பிறர் நிராகரித்துவிடுவார்களோ என்னும் அச்சம். மகன் திடுக்கிடுகின்றான். தன் இசையைப் பிறர் நிராகரித்துவிடுவார்களோ என்று அவனும் அதே அச்சத்தை, அதே சொற்களில் சொன்னவனாயிற்றே! தந்தையைக் கோழை என்று மனத்துள் வெறுத்த மகன், அக்கோழைத்தனம் தன் இரத்தத்திலும் ஓடுவதை அறிகின்றான். பிறகு தந்தையைத் திருத்துவது தன்னைத் திருத்துவதாகின்றது. லொரேனிடம் பிப் முறைகேடாக நடக்கும்பொழுது, நடுங்கிய அதே ஜார்ஜ் கை ஓங்குகின்றான். முப்பது ஆண்டுக் கூன் அந்த ஒரு நொடியில் நிமிர்கின்றது. இக்கதையும் நாற்பதுக்கும் மேற்பட்ட முறை நிராகரிக்கப்பட்டதென்று பாப் கேலே கூறியிருக்கின்றார். அவரும் ஜார்ஜைப் போல ஒளித்து வைத்திருப்பின், இன்று நாம் எதனைப் பற்றி எழுதுவது?

மேதாவிகளே! ஒரு மனிதனின் அச்சம் அவன் மகனுக்குச் சொத்தாகிறது என்றும், அச்சொத்தை வேண்டாமென்று விலக்க முடியும் என்றும் சொல்லும் கதையையா கிலுகிலுப்பை என்றீர்கள்? பழமையை நினைத்து உருகும் அன்பர்களே! முன்னோர் தேவரல்லர், நம்மைப்போல் தடுமாறிய இளைஞரே என்று காட்டும் கதையிலா பொற்காலம் கண்டீர்கள்? முன்னோரைப் பீடத்தில் ஏற்றி வணங்குவது எளிது. அவர்கள் அருகே சமமாக உட்கார்ந்து, "பதினேழு வயதில் நீங்கள் எதற்கு அஞ்சினீர்கள்?" என்று கேட்பதே கடினம். அக்கேள்விக்குக் காலயந்திரம் வேண்டுவதில்லை. தந்தை உயிருடன் இருப்பவர்கள் இன்றிரவே கேட்கலாம்.

ஹில் வேலியின் கடிகாரத்தை நிறுத்தியது இடி. முப்பது ஆண்டுகள் ஓடாமல் வைத்திருந்தது மனிதர். இடியைத் தடுக்க நம்மால் இயலாது. ஓடச்செய்ய இயலும். காவலிருப்போர் சிந்திப்பார்களாக!