பளபளப்பு வேறு, துல்லியம் வேறு

வளைபரப்புகளின் மில்லிங் குறித்து நம் பொறியியல் துறைகளில் எழுதப்படும் ஆய்வேடுகள் பலவற்றின் போக்கு ஒன்றே. சுழல்வேகம், ஊட்டம், வெட்டு ஆழம் ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றித் தட்டையான துண்டு ஒன்றை வெட்டுவர். டகுச்சி முறையில் அட்டவணையிடுவர். ஆர்ஏ மதிப்பு குறைந்த நிலையை உகந்தது என அறிவிப்பர். டர்பைன் பிளேடுக்கும் அது பொருந்தும் என்ற கூற்று இறுதி இயலில் வந்து அமரும். இக்கூற்று ஏற்கத்தக்கதன்று.

மொழியியல் பயின்று, இன்று தொழிற்கூடக் கலைச்சொற்களை ஆய்ந்துவரும் எனக்கு, சிக்கலின் வேர் சொல்லாட்சியில் இருப்பதாகவே தோன்றுகிறது. 'தரம்' என்னும் ஒரே சொல்லுக்குள் இருவேறு பண்புகளை அடைத்துவிடுகிறோம். வரைபடம் கூறும் வடிவத்திலிருந்து பரப்பு எவ்வளவு விலகியுள்ளது என்பது துல்லியம் பற்றிய வினா. அப்பரப்பில் எஞ்சும் நுண்மேடுகள் எவ்வளவு என்பது நேர்த்தி பற்றிய வினா. முன்னது கெட்டும் பின்னது சிறந்திருக்கலாம்.

10 மி.மீ. விட்டமுள்ள பந்துமுனைக் கட்டரை 0.5 மி.மீ. இடைவெளியில் ஓட்டினால், தட்டைப் பரப்பில் தடங்களுக்கிடையே எஞ்சும் முகடு ஏறத்தாழ 6 மைக்ரான். இடைவெளியைப் பாதியாக்கினால் முகடு கால்பங்காகும், நேரம் இருமடங்காகும். அதே இடைவெளி குவிபரப்பில் உயர்ந்த முகட்டையும், குழிபரப்பில் தாழ்ந்த முகட்டையும் விட்டுச்செல்லும். மேலும், பந்துமுனையின் நுனியில் வெட்டுவேகம் சுழியம். செங்குத்தாக நிற்கும் கட்டர் அவ்விடத்தில் வெட்டுவதில்லை, தேய்க்கிறது. ஐந்தச்சு இயந்திரத்தில் கட்டரைச் சற்றே சாய்ப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

இவையாவும் நேர்த்திக்கான வழிகள். துல்லியத்தைக் குலைப்பது பெரும்பாலும் வேறொன்று. ஆழ்ந்த குழிவை எட்டுவதற்காகக் கட்டரின் நீட்டத்தை இருமடங்காக்கினால், அதே விசையில் அதன் வளைவு எட்டு மடங்காகும். வளைந்த கட்டரும் நெருக்கமான தடங்களில் கண்ணாடி போன்ற பரப்பைத் தரவல்லது. ஆனால் அப்பரப்பு இருக்கவேண்டிய இடத்தில் இராது. சொரசொரப்பளவியோ வடிவப் பிழையை வடிகட்டிவிட்டே எண்ணைத் தருகிறது. பிழை மறைகிறது, ஆய்வேடு தேறிவிடுகிறது.

சிஎம்எம் இயந்திரம் எல்லாக் கல்லூரிகளிலும் இல்லை என்பது நியாயமான மறுப்பே. அவ்வாறாயின், முடிவின் எல்லையை வெளிப்படையாக எழுதலாம்: தட்டைப் பரப்பில், இந்த நீட்டத்தில், ஆர்ஏ மட்டும். வளைபரப்பைப் பற்றிப் பேசுவோர் வடிவ விலகலையும், அளந்த இடத்தையும், அளந்த திசையையும் சேர்த்துத் தரவேண்டும். நெறியாளர்களும் தேர்வாளர்களும் இதை வலியுறுத்தாதவரை, மாணவர்களை மட்டும் குறைகூறுவதில் பொருளில்லை.