அம்மாவின் குசினியில் பழுப்புத் தண்ணி

அம்மா வீட்டுக் குசினி மேசையில் ஒரு பெடியன் இரண்டு கிளாஸ் வைத்தான். ஒன்றில் குழாய்த் தண்ணீர். மற்றதில் அவன் போத்தலில் கொண்டுவந்த "சுத்தமான" தண்ணீர். இரண்டுக்குள்ளும் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கருவியை இறக்கி பிளக்கைச் செருகினான். ஒரு நிமிசத்தில் குழாய்த் தண்ணீர் கலங்கியது. இரண்டு நிமிசத்தில் பழுப்பு நிறம், பிறகு சேறு மாதிரி ஏதோ திரண்டு மிதந்தது. மற்றக் கிளாஸ் அப்படியே பளிச்சென்று இருந்தது.

"அன்ரி, இவ்வளவு காலமும் நீங்கள் இதைத்தான் குடிச்சனீங்கள். ஃபிளின்ட்டில நடந்தது தெரியும்தானே?"

அம்மா கையெழுத்து வைத்துவிட்டா. 4,200 டொலர், மாதக் கட்டணத்தில். எனக்கு விசயம் தெரிய வந்தது ஆறு நாள் கழித்து, சிங்குக்குக் கீழே புதிதாக ஒரு வெள்ளை உருளை நிற்பதைக் கண்டபோதுதான்.

இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேரின் வீட்டிலாவது அந்த உருளை இருக்கும். இல்லாவிட்டால் கராஜில் தண்ணீர்ப் போத்தல் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருக்கும். ஸ்காபரோவில் நான் போகாத தமிழ் வீடு குறைவு, அதனால் துணிந்து சொல்கிறேன். ஆகவே கொஞ்சம் கோபமாகவே எழுதப் போகிறேன்.

முதலில் அந்தச் சேறு. அது தண்ணீருக்குள் இருந்து வரவில்லை, கம்பியில் இருந்து வந்தது. கருவியில் இருப்பது இரும்புக் கம்பி. மின்சாரம் ஓடும்போது இரும்பு கரைந்து, தண்ணீரோடு சேர்ந்து துருவாகிறது. மின்சாரம் ஓட வேண்டுமென்றால் தண்ணீரில் கல்சியம், மக்னீசியம் போன்ற உப்புகள் கரைந்திருக்க வேண்டும். ஒன்ராறியோ ஏரித் தண்ணீரில் அவை இருக்கின்றன. பெடியன் கொண்டுவந்த தண்ணீரில் அவற்றை வடித்து எடுத்துவிட்டார்கள். மின்சாரம் ஓடவில்லை, கம்பி கரையவில்லை, தண்ணீர் பளிச். அவனுடைய கிளாசில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டிருந்தால் அதுவும் பழுத்திருக்கும். நான் வீட்டில் ஒன்பது வோல்ட் பற்றரி ஒன்றையும் இரண்டு இரும்பு ஆணிகளையும் வைத்துச் செய்து பார்த்தேன். கால் மணித்தியாலத்தில் தேத்தண்ணி நிறம். (பிளக்கில் செருகிச் செய்து பார்க்காதீர்கள். பற்றரி போதும்.)

அடுத்தது அவன் காட்டிய பேனா மாதிரியான மீற்றர். தண்ணீரில் கரைந்திருக்கும் திடப்பொருட்களின் மொத்த அளவைக் காட்டுவது. அம்மா வீட்டில் அது 190 சொச்சம் காட்டியது. "200 வரைக்கும் அழுக்கு இருக்குது அன்ரி" என்றானாம். அது அழுக்கின் அளவு அல்ல. பெரும்பாலும் கல்லில் இருந்து கரைந்த சுண்ணாம்புச் சத்து. கனடாவின் வழிகாட்டி நெறி அதற்கு வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 500 மில்லிகிராம். அதுவும் ருசிக்காக வைத்த எல்லை, நோய்க்காக அல்ல. பிரான்சிலிருந்து வரும் எவியன் தண்ணீரில் அதே மீற்றரை விட்டால் 300க்கு மேல் காட்டும். அதைக் காசு கொடுத்து வாங்கிக் கலியாண வீட்டில் பெருமையாக மேசையில் வைக்கிறோம்.

அந்த மீற்றர் எதைக் காட்டாது தெரியுமா? ஈயத்தைக் காட்டாது. மீற்றர் எண்ணுவது மில்லிகிராமில். ஈயம் ஆபத்தாவது மைக்ரோகிராமில், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கில். கிருமியையும் அது காட்டாது. உண்மையில் பயப்பட வேண்டிய இரண்டுக்கும் குருடான ஒரு கருவியை வைத்துத்தான் எங்கட அம்மாமாரைப் பயப்படுத்துகிறார்கள்.

"அப்ப நகரசபை சொல்லுறதை நாங்கள் அப்படியே நம்ப வேணுமோ?" என்று அம்மா கேட்டா. நியாயமான கேள்வி. அம்மாவின் ஊர் சுன்னாகம். பெரியம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறா. கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மணக்கிறது என்று பெரியம்மா தொலைபேசியில் அழுத வருசம் எனக்கு நினைவிருக்கிறது. மின்நிலையத்தின் கழிவு எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்து சுற்றுவட்டாரக் கிணறுகள் கெட்டன. சுண்ணாம்புக்கல் நிலம், ஓரிடத்தில் ஊற்றினால் எங்கேயோ போய்ச் சேரும். தண்ணீரில் பிரச்சினை இல்லை என்று சொல்லவும் அப்போது ஆட்கள் இருந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 இல்தான் தீர்ப்பு வந்தது. அதைப் பார்த்த ஒருவருக்கு "அரசாங்கம் சொல்லுது, குடியுங்கோ" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அதனால் அம்மாவுக்கு நான் சொன்னது வேறு. ரொறன்ரோத் தண்ணீரை நம்புவதற்குக் காரணம் இங்குள்ள அதிகாரிகள் நல்லவர்கள் என்பதல்ல. இங்கேயும் ஆட்கள் செத்திருக்கிறார்கள் என்பதுதான்.

2000ஆம் ஆண்டு மே மாதம், ரொறன்ரோவுக்கு வடமேற்கே வோக்கர்ட்டன் என்ற சின்ன ஊர். பெருமழையில் மாட்டுச் சாணத்திலிருந்த ஈ.கோலை கிருமி ஊர்க் கிணறு ஒன்றுக்குள் இறங்கியது. போட வேண்டிய குளோரினைப் போடவில்லை. பதிவுப் புத்தகத்தில் மட்டும் போட்டதாக எழுதிவைத்தார்கள். ஆய்வுகூடத்திலிருந்து கெட்ட முடிவு வந்தபோது சுகாதாரப் பிரிவிடம் அதை மறைத்தார்கள். 7 பேர் இறந்தார்கள், 2,300க்கு மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள். ஐயாயிரம் பேர் அளவில்தான் இருந்த ஊர் அது.

நீதிபதி டெனிஸ் ஓகொனர் தலைமையில் விசாரணை நடந்தது. அதன் பிறகு 2002 இல் ஒன்ராறியோவில் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் வந்தது. இன்று தண்ணீர் ஆலையை இயக்குகிறவருக்குச் சான்றிதழ் வேண்டும். கெட்ட முடிவு ஒன்று வந்தால் சுகாதார அதிகாரிக்கு உடனே அறிவித்தே ஆக வேண்டும். தண்ணீர் விசயத்தில் கவனக்குறைவாக இருந்தால் நகரசபை உறுப்பினர்மீதே தனிப்பட வழக்குப் போடலாம். ஆண்டறிக்கை எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். சும்மா நம்பச் சொல்லவில்லை, சரிபார்க்க வழி வைத்திருக்கிறார்கள் என்கிறேன்.

ரொறன்ரோவுக்கு நான்கு ஆலைகள், எல்லாம் ஏரிக்கரையில். குயின் தெருவின் கிழக்கு முனையில் அரண்மனை போல ஒன்று நிற்கிறதே, ஆர்.சி. ஹரிஸ் ஆலை, 1941 இல் இயங்கத் தொடங்கியது. உங்களில் பலர் அதன் முன் நின்று படம் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். அது என்னவென்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஏரித் தண்ணீரை வடித்து, குளோரின் போட்டு, நீண்ட குழாயில் அது தாக்குப்பிடிக்க அமோனியா சேர்த்து அனுப்புகிறார்கள். 2014 முதல் பொஸ்பேற்றும் சேர்க்கிறார்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். கோடை முடிகிற நாட்களில் தண்ணீர் மண் மணக்கும். அது ஏரியில் பாசி விடுகிற ஒரு பொருளின் மணம், உடம்புக்கு ஒன்றும் செய்யாது. எனக்கும் அது பிடிக்காது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் குடிப்பேன்.

இவ்வளவையும் அம்மாவுக்குச் சொல்ல எனக்கு நாற்பது நிமிசம் எடுத்தது. பாதியில் நின்று சொல் தேட வேண்டியிருந்தது, "கரைந்த திடப்பொருள்" என்பதற்கு அம்மாதான் தமிழ் தந்தா. இங்கேதான் எனக்கு வெட்கம் வருகிறது. நான் பொறியியலில் முதுகலை படித்தவன். முப்பது வருசமாக இந்தத் தண்ணீரைக் குடிக்கிறேன். ஒரு நாளாவது அம்மாவுக்கு இதைத் தமிழில் சொன்னதில்லை. அந்தப் பெடியன் சொன்னான். பொய் சொன்னான், ஆனால் தமிழில், மரியாதையாக, தேத்தண்ணி குடித்துக்கொண்டு, "அன்ரி" என்று சொன்னான். அம்மா வேறு யாரை நம்புவா?

அவன் எப்படி உள்ளே வந்தான் என்பதையும் கவனியுங்கள். 2018 மார்ச்சிலிருந்து ஒன்ராறியோவில் அழைக்காமல் கதவைத் தட்டித் தண்ணீர் வடிகட்டி விற்பது சட்டவிரோதம். அதனால் இப்போது ஒருவரும் தட்டுவதில்லை. கோயிலில் கண்ட சிநேகிதி அனுப்புகிறா, "எங்கட ஆக்கள்" என்று சொல்லி. அந்தச் சிநேகிதிக்கும் அதில் ஏதோ கழிவு கிடைக்கிறது. எங்கட ஆக்கள் என்ற சொல்லைக் காசாக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த நகரத்தில் பஞ்சமில்லை.

ஒப்பந்தப் பிரதி கையில் கிடைத்துப் 10 நாளுக்குள் எழுத்தில் அறிவித்தால் அப்படியான ஒப்பந்தத்தைக் காரணம் சொல்லாமலே இரத்துச் செய்யலாம். எட்டாம் நாள் கடிதம் எழுதி அனுப்பினோம். அம்மாவுக்கு அது பெரிய சங்கடம். "அந்தப் பிள்ளைக்கு வேலை போயிடுமோ?" என்று இரண்டு தரம் கேட்டா. சிநேகிதி இப்போது கோயிலில் கண்டால் முகத்தைத் திருப்புகிறாவாம்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

அம்மாவின் வீடு தொண்ணூறுகளில் கட்டியது, செப்புக் குழாய். அங்கே வடிகட்டி தேவையே இல்லை. ஆனால் என் மச்சாள் ஈஸ்ட் யோர்க்கில் ஒரு பழைய வீட்டின் பேஸ்மென்றில் இருக்கிறா, நாலு மாதக் குழந்தையோடு. நாற்பதுகளில் கட்டிய வீடு. ஐம்பதுகளின் நடுப்பகுதிக்கு முன் கட்டிய வீடுகளில், தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும் குழாய் ஈயமாக இருக்கலாம். வீட்டுக் காணி எல்லை வரை நகரசபையின் குழாய், அதற்கு இப்பால் வீட்டுக்காரருடையது. ஆலையில் தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கடைசிச் சில மீற்றரில் ஈயம் சேரும். பொஸ்பேற் போடுவது இதற்குத்தான், குழாயின் உட்சுவரில் ஒரு படலம் பிடித்து ஈயம் கரைவதைக் குறைக்கும். ஃபிளின்ட்டில் 2014 இல் தண்ணீர் எடுக்கும் இடத்தை ஆற்றுக்கு மாற்றியபோது இப்படி அரிப்பைத் தடுக்கும் மருந்தைப் போடவில்லை. பழைய குழாய்களிலிருந்து ஈயம் இறங்கியது. பெடியன் ஃபிளின்ட் என்று சொன்னது சரி. ஆனால் அதைச் சொல்ல வேண்டிய வீட்டுக்கு அவன் போகவில்லை. பேஸ்மென்றில் வாடகைக்கு இருப்பவருக்கு 4,200 டொலருக்கு ஒன்றும் விற்க முடியாதே.

மச்சாள் குழந்தைக்குப் பால்மாவைச் சுடுதண்ணிக் குழாயில் பிடித்துக் கரைத்துக்கொண்டிருந்தா, இரவில் கேத்தல் சத்தத்துக்குப் பிள்ளை எழும்பிவிடும் என்று. சுடுதண்ணீர் ஈயத்தைக் கூடக் கரைக்கும். கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற ஈயம் செறியும். எங்கட ஆட்கள் எல்லாவற்றுக்கும் வைத்திருக்கும் "கொதிக்க வைச்சுக் குடி" என்ற மருந்து இங்கே எதிர்மாறாக வேலை செய்கிறது.

மீற்றர் அருகே சுவரிலிருந்து வரும் குழாயை நாணயத்தால் மெல்லச் சுரண்டிப் பார்த்தேன். சாம்பல் நிறம், சுரண்டிய இடம் வெள்ளிபோல மின்னியது. காந்தம் ஒட்டவில்லை. செப்பு என்றால் பழுப்பாக இருக்கும், இரும்பு என்றால் காந்தம் ஒட்டும். ரொறன்ரோ நகரம் வீடுகளுக்கு ஈயச் சோதனையை இலவசமாகச் செய்து தருகிறது. போத்தலில் பிடித்துக் கொடுத்தோம். முடிவு வந்தது: லீற்றருக்கு 14 மைக்ரோகிராம். ஒன்ராறியோவின் எல்லை 10. கனடா சுகாதாரத் துறை 2019 இல் தன் வழிகாட்டி அளவை 5 ஆக்கியது. குழந்தையின் மூளைக்கு இவ்வளவு ஈயம் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவு ஒன்று கிடையாது.

இப்போது மச்சாள் வீட்டில் காலையில் குளிர்ந்த தண்ணீரை ஐந்து நிமிசம் ஓடவிட்ட பிறகுதான் பிடிக்கிறா. பால்மாவுக்கு, ஈயத்தை நீக்கும் என்று என்.எஸ்.எஃப். 53 தரச்சான்று பெற்ற ஒரு வடிகட்டி வாங்கிக் கொடுத்தேன். கிணறு பார்க்கிறவன் மாதிரி பெட்டியில் அந்த 53 என்ற எண்ணைத் தேடித்தான் வாங்கினேன். வெறும் குளோரின் ருசியை எடுப்பவை அதற்கு உதவாது. 4,200 டொலரில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. குழந்தையின் இரத்தத்தைச் சோதிக்க வைத்தியர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

குழாயை மாற்ற வேண்டியவர் வீட்டுக்காரர். அவரும் எங்கட ஆள்தான். தன் பக்கத்துக் குழாயை மாற்ற அவர் சம்மதித்தால் நகரசபை தன் பக்கத்தைத் தன் செலவில் மாற்றும், அதற்கென்றே ஒரு திட்டம் இருக்கிறது. சோதனை முடிவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

"தம்பி, நாங்கள் இருபது வருசமா இதைத்தானே குடிக்கிறம்," என்றார். பிறகு தன் குசினிக்குக் கூட்டிப்போய், சிங்குக்குக் கீழே நிற்கும் வெள்ளை உருளையைக் காட்டினார். மேல்மாடிக்கு மட்டும் பூட்டியது.

இரண்டாவது கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.