ரேகை தேய்ந்தால் ரேஷன் இல்லையா?

தோழர்களே! சிமெண்டும் சுண்ணாம்பும் தின்ற விரல் நம் விரல். ரேஷன் கடை மிஷினில் வைத்தால் ஆள் தெரியவில்லை என்கிறது. கடைக்காரர் கையை விரிக்கிறார். நம் பெண்கள் வெறும் பையோடு திரும்புகிறார்கள். 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் தலைக்கு மாதம் 5 கிலோ என்று எழுதியது விரலுக்கல்ல, வயிற்றுக்கு! ரேகை பதியவில்லையென்று தானியத்தை மறுக்காதே என மத்திய அரசே 2017 அக்டோபரில் மாநிலங்களுக்கு எழுதியாகிவிட்டது. அந்தத் தாள் எந்தக் கடைச் சுவரில் தொங்குகிறது? ரயில்வேயில் கம்ப்யூட்டர் படுத்தால் நாங்கள் கையால் சீட்டு எழுதிக் கொடுக்கிறோம். அதற்காக வண்டியை நிறுத்துவதில்லை. இங்கே மட்டும் மிஷின் படுத்தால் அடுப்பு அணைய வேண்டுமாம்! சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி மாவட்டந்தோறும் குறைதீர்ப்பு அதிகாரி உண்டு. வெறுங்கையோடு திருப்பி அனுப்பினால் தேதியைக் குறித்துக்கொண்டு, கார்டோடு சங்கத்துக்கு வாருங்கள். மனுவை நாங்கள் எழுதுகிறோம். கையெழுத்துப் போட அந்த விரலே போதும்.