‘டாபிகல்’ என்னும் பதம்

ஆங்கிலப் பத்திரிகைகளில் அடிக்கடி அடிபடும் பதங்களில் ‘டாபிகல்’ என்பது ஒன்று. அகராதியைப் புரட்டினால், ‘நடப்பு விஷயங்களைப் பற்றிய’ என்று ஒரே வரியில் அர்த்தம் அகப்பட்டுவிடும். ஆனால் அந்த ஒரு வரியை நம்பி எல்லா இடத்திலும் அப்பதத்தைப் பிரயோகித்தல் ஆபத்தாய் முடியும். களிம்புக் குழாயின் மீது ‘டாபிகல்’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு, ‘ஏதோ புத்தம் புதிய மருந்து’ என்று மகிழ்வது தகாது. நோயுள்ள இடத்தில் மேலே பூசுவதற்கு மட்டுமே உரியது, உள்ளுக்குச் சாப்பிடலாகாது என்பதே அங்கே பொருள்.

வியப்பு என்னவெனில், களிம்புக் குழாயில் உள்ளதுதான் பழைய பொருள். கிரேக்க மொழியில் ‘டோபோஸ்’ என்றால் இடம். நில அமைப்பை வரையும் ‘டோபோகிராபி’யும், 1516-ஆம் ஆண்டில் ஸர் தாமஸ் மோர் கற்பனை செய்த, எங்கும் இல்லாத இடமாகிய ‘யுடோபியா’வும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. மூலகங்களின் அட்டவணையில் ஒரே இடத்தைப் பெறும் அணு வகைகளுக்கு 1913-இல் ஸாடி என்னும் விஞ்ஞானி ‘ஐஸோடோப்’ என்று பெயர் வழங்கியதும் இதே வேரிலிருந்துதான். நடுவில் ஓர் ‘ர’கரம் புகுந்து ‘டிராபிகல்’ ஆகிவிட்டால் உறவு அறுந்துபோகும். அது ‘திரும்புதல்’ என்னும் பொருளுடைய வேறொரு சொல்லின் வழி வந்தது. சூரியன் திரும்புகிற கடக ரேகையையும் மகர ரேகையையும் பற்றியது. அச்சுக் கோப்பவர்கள் இவ்விரண்டையும் மாற்றி வைத்துவிடுவதுண்டு.

இடத்தைக் குறித்த சொல் காலத்தைக் குறிக்க வந்தது எவ்வாறு? அரிஸ்டாடில் வாதக் கலையைப் பற்றி ஒரு நூல் செய்து, அதற்கு ‘டாபிக்ஸ்’ என்று பெயரிட்டார். வாதம் புரிகிறவன் தனக்கு வேண்டிய நியாயங்களைத் தேடி எடுக்கும் இடங்கள் என்பது கருத்து. அந்த ‘இடம்’ நாளடைவில் தலைப்பாயிற்று. தலைப்பு, பேசப்படும் விஷயமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டன் பாட்டுக் கொட்டகைகளில், ஊரெல்லாம் பேசும் வம்பையும் மந்திரிகளின் அசட்டுத்தனத்தையும் வைத்துக் கட்டிய பாட்டுக்களை ‘டாபிகல்’ பாட்டு என்றார்கள். 1885-இல் அரங்கேறிய ‘மிகாடோ’ என்ற இசை நாடகத்தில், தொலைந்து போனாலும் பாதகமில்லாத மனிதர்களை ஜாபிதா போட்டுப் பாடும் பாட்டு ஒன்று உண்டு. அந்த ஜாபிதாவில் அவ்வப்போதைய பேர்வழிகளைச் சேர்த்துப் பாடுவது இன்றளவும் வழக்கமாயிருக்கிறது. பழைய பேர்வழிகளை எவருக்கும் ஞாபகமில்லை என்பதே காரணம்.

நம் தேசத்தில் இந்த ‘டாபிகல்’ சமாசாரம் வெறும் வேடிக்கையாய் நின்றுவிடவில்லை. வேல்ஸ் இளவரசர் கல்கத்தாவுக்கு விஜயம் செய்தபோது, வக்கீல் ஒருவர் அவரைத் தம் இல்லத்து அந்தப்புரத்துக்கே அழைத்து உபசரித்தார். அதைப் பரிகசித்து 1876-இல் வங்காள மேடையில் ஒரு நாடகம் ஆடினார்கள். சர்க்காருக்கு மூக்கின்மேல் கோபம் வந்தது. முதலில் அவசரச் சட்டமும், அவ்வருஷத்திலேயே நாடகத் தடைச் சட்டமும் பிறந்தன. அடுத்த நூற்றாண்டில் நம் பக்கத்தில் விசுவநாத தாஸ், ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் கொக்கைப் பற்றிப் பாடினால், அது எந்தக் கொக்கு என்பது சபையோருக்கு உடனே விளங்கிவிடும். போலீஸாருக்கும் விளங்கிவிடும்! அவர் பலமுறை சிறை புகுந்தார். 1940 டிசம்பர் 31-ஆம் தேதி இரவு, சென்னையில் முருகன் வேஷத்தோடு மேடையிலேயே உயிர் நீத்தார். புராணக் கதைக்குள் அன்றைய தேச நிலையைப் புகுத்திய அந்தப் பாட்டைக் காட்டிலும் ‘டாபிகல்’ என்பதற்குச் சிறந்த உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. கல்கத்தாவில் பிறந்த சட்டமோ 2018-இல்தான் சட்டப் புத்தகத்தினின்று நீக்கப்பட்டது.

‘டாபிகல்’ என்பதை ‘ரெலவன்ட்’ என்பதோடு குழப்பிக்கொள்ளலாகாது. பின்னது, எடுத்த விஷயத்துக்குப் பொருத்தமானது. அது ஆயிரம் வருஷத்துப் பழமையாகவும் இருக்கலாம். திருக்குறள் இன்றைக்கும் பொருந்துகிறது என்று புகழ எண்ணி அதை ‘டாபிகல்’ என்று எழுதினால், நாளைக்கு அதற்கு வேலையில்லை என்பதும் உடன் தொனிக்கும். ‘ஆக்சுவல்’ என்ற பதமும் சிலரை ஏமாற்றுகிறது. அதன் பிரெஞ்சு, ஜெர்மன் உறவினர்கள் தற்கால விஷயத்தைச் சுட்டுவது மெய்தான். ஆங்கிலத்தில் அது ‘உண்மையான’ என்று மாத்திரமே பொருள்படும்.

தமிழாக்கும்போது மருந்துக்கு ‘மேற்பூச்சு’ என்பதே போதும். மற்றவற்றுக்குச் சிலர் ‘காலத்துக்கேற்ற’ என்கிறார்கள். அதில் புகழ்ச்சி கலந்திருக்கிறது. ‘டாபிகல்’ என்பதில் புகழ்ச்சியும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை. ‘நடப்பு’ என்னும் நம் சொல்லைச் சேர்த்து நடப்புப் பாட்டு, நடப்புப் பேச்சு, நடப்புச் சித்திரம் என்று எழுதினால் விஷயம் தெளிவாய் விளங்கும்.